முதலாம் தர எச்சில்

எங்கள் அதிகாரசபைக்கு அந்தப் படத்தின் முதற்பாதி மட்டும்தான் தெரியும். பின்பாதியைப் பார்த்தவர் வின்சன்ட் ஒருவர்தான். நடந்த அத்தனைக்கும் காரணம் இதுதான் என்று விசாரணை அறிக்கையில் எழுத ஆசைப்பட்டேன். அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

எங்கள் அதிகாரசபை என்றால் மிளகுத் தராதர அதிகாரசபை, மாத்தளை மாவட்டக் காரியாலயம். அலுவிகாரையில் ஏ ஒன்பது வீதியோரம் இரண்டு மாடி மஞ்சள் கட்டடம். நாவுலயிலிருந்தும் இரத்தோட்டையிலிருந்தும் வருகிற மிளகைச் சலித்து, ஈரம் பார்த்து, கல் மண் பார்த்து, ஒன்று முதல் நாலு வரை தரம் போட்டுச் சீட்டுக் கொடுப்பது வேலை. நான் ஸஜீதா, அங்கே லிகிதர். பதினாறு வருடமாக மேலதிகாரிகளின் முட்டாள்தனத்தை எழுத்துப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து வருகிறேன்.

வருடத்துக்கு ஒரு செயலமர்வு நடத்த வேண்டும் என்பது கொழும்புத் தலைமையகத்தின் கட்டளை. அந்த வருடத் தலைப்பு ‘தரமும் எதிர்காலமும்’. பேச வரவேண்டியவர் வரவில்லை. எங்கள் பணிப்பாளர் கிறிஷாந்த், மருமகனிடம் வாங்கிவந்த ஓர் ஆங்கிலப் படத்தைப் போடச் சொன்னார். தலைப்பில் எதிர்காலம் இருந்தது, படத்திலும் எதிர்காலம் இருந்தது, அது போதும் என்றார்.

படத்தில் ஒரு நகரம். பிள்ளை பிறந்தவுடன் இயந்திரம் ஒரு சொட்டு இரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கழுத்தில் பட்டி மாட்டும். பச்சைப் பட்டிக்காரர்கள் லிஃப்டில் போவார்கள், சாம்பல் பட்டிக்காரர்கள் படியேறுவார்கள். வீதியெல்லாம் சுத்தம். ஒருவரும் பஸ்ஸில் தொங்கவில்லை. பணிப்பாளர் அடிக்கடி தலையாட்டிக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டரைக்குப் புரியாணிப் பார்சல் வந்தது. பின்னேரத்துக்கான கையெழுத்தையும் காலையிலேயே போட்டிருந்தபடியால், சாப்பிட்டவர்கள் கைகழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். புரொஜெக்டரை நிறுத்து என்று ஒருவரும் சொல்லாதபடியால் வின்சன்ட் நிறுத்தவில்லை.

“எப்படி முடிஞ்சிச்சு?” என்று மறுநாள் கேட்டேன்.

“முன்னுக்குக் காட்டுனத எல்லாம் பின்னுக்குத் திட்டுறாங்க மிஸ். லிஃப்ட் பழுதாயிடுது. திருத்தத் தெரிஞ்சவங்க எல்லாரும் சாம்பல் பட்டி. அவங்க ஊரவிட்டே போயிட்டாங்க. பச்சப் பட்டிக்காரங்க உள்ளுக்கே மாட்டிக்கிட்டாங்க.”

“சேர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். உன்னக் கூப்பிட்டது படத்தப் போட, பார்க்க இல்லன்னாரு.”

வின்சன்ட் எங்கள் அமைய ஊழியர், அதாவது நாட்கூலி. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான ஏழாம் இலக்க லயத்தில் பிறந்தவர். இப்போது அலுவிகாரையில் வாடகை அறையில் இருக்கிறார். பதினாலு வருடமாகத் தேநீர் ஊற்றுகிறார், கோப்புத் தூக்குகிறார், அதிகாரிகளின் மின்சாரப் பில் கட்டுகிறார், அவர்களுக்காக ஆஸ்பத்திரியில் விடிய முன் போய் நம்பர் எடுக்கிறார். நாற்பத்தைந்து வயதுக்குள் நிரந்தர நியமனம் கிடைக்காத அமைய ஊழியருக்கு அதற்குப் பிறகு எப்போதும் கிடையாது, அன்றோடு வேலையும் முடிந்தது. வின்சன்டுக்கு ஒக்டோபர் பதினேழாம் திகதி நாற்பத்தைந்து. மனைவி கெத்தரின் அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, பிறகு பார்க்கப் பயந்து அதன்மேல் மாதா படத்தை மாட்டிவைத்திருந்தார்.

செயலமர்வு என்றால் கடைசியில் மூன்று சிபாரிசு எழுத வேண்டும். எப்போதும் எழுதுகிற இரண்டை நானே எழுதினேன்: செயலமர்வுகள் தொடர வேண்டும், உணவு திருப்தி. மூன்றாவதைப் பணிப்பாளர் சொல்லச் சொல்ல அடித்தேன். “மிளகைத் தரம் பிரிக்கிற நாம், மிளகைத் தரம் பிரிக்கிற ஆட்களைத் தரம் பிரிக்காமல் இருப்பது வெட்கக்கேடு.” தலைமையகத்துக்கு இதற்கு முன் செய்யக்கூடிய சிபாரிசு ஒன்றும் போனதே இல்லை. அங்கே சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று மாதத்தில் சுற்றுநிருபம் வந்துவிட்டது. ஊழியர் எல்லாருடைய எச்சிலும் கொழும்பு ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்படும், பரம்பரைத் தரம் ஒன்று முதல் நாலு வரை வழங்கப்படும், நாலாம் தரத்துக்கு நிரந்தர நியமனம் இல்லை.

புதுப் படிவம் அடிக்க நேரமில்லை. பழைய மிளகுப் படிவத்தில் ‘மிளகு’ என்பதை வெட்டி ‘ஆள்’ என்று எழுதினோம். ‘சரக்கு விளைந்த இடம்’ என்ற கட்டத்தில் பிறந்த விலாசம். ‘சொத்தை வீதம்’ என்பதில் குடும்பத்து வியாதிகள். ‘கல், மண், பிற கலப்பு’ என்பதில் என்ன எழுதுவது என்று கொழும்பைக் கேட்டோம். தாயும் தகப்பனும் வேறு வேறு ஊரானால் அதை அங்கே எழுதச் சொன்னார்கள்.

சுற்றுநிருபத்தின் பதினோராம் பந்தி எங்கள் பணிப்பாளரின் சொந்தப் படைப்பு. அதை எல்லாருக்கும் விளக்கி ஒரு கூட்டமே வைத்தார். “லயத்துல பிறந்தவன் டவுன்ல வந்து குடியிருந்துகொண்டு டவுன் விலாசம் எழுதுவான். எங்களுக்கு அது தெரியாதா? அதனால, கூடப்பிறந்தவங்கள்ல ஒருத்தர் லயத்துல பிறந்திருந்தாலும் அத்தனை பேருக்கும் அதே விலாசம், அதே நாலாம் தரம். இதில எனக்கு யார்மேலயும் கோபமில்ல. மலையில வெளைஞ்ச மிளகு மலை மிளகுதானே.” மலை மிளகுக்குத்தான் எங்கள் சீட்டில் எப்போதும் நல்ல தரம் கிடைக்கும் என்பதை ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. ஆகவே முன்படி ஒன்றாம் இரண்டாம் தரத்துக்கு, பின்பக்கத்து இரும்புப் படி மற்றவர்களுக்கு என்று, முடிவு வருவதற்கு முன்பே பலகை மாட்டிவிட்டார்கள். யார் எந்தத் தரம் என்பதைப் பரிசோதனை இல்லாமலே எல்லாரும் சரியாக ஊகித்துப் படியேறினார்கள். வின்சன்ட் தேநீர்த் தட்டோடு கட்டடத்தைச் சுற்றிப்போய், மழையில் இரும்புப் படியேறினார். மேலே தேநீர் ஆறிப்போய் வருகிறது என்று ஒரு குழு அமைக்கப்பட்டது.

எச்சில் எடுக்கிற நாளும் வந்தது. மிளகு காயப்போடுகிற முற்றத்தில் எல்லாரும் வரிசையில் நின்று, இரண்டு விரல் உயரத்துக்குக் குழாயில் துப்ப வேண்டும். பணிப்பாளர் மேல்மாடி யன்னலால் எட்டிப் பார்த்தார். “நான் அங்க போய் இதுகளோட நின்று துப்புறதா?” என்றார். தன் குழாயைக் கோப்போடு சேர்த்து வைத்து, ஓரத்தில் எழுதினார்: ‘வின்சன்ட் கவனிக்கவும்.’ அவர் எந்த வேலைக்கும் அப்படித்தான் எழுதுவார். உதவிப் பணிப்பாளர் மபாஸா மேடம் அதன் கீழே எழுதினார்: ‘பார்த்தேன். எனக்கும்.’ மேலே இருந்த மற்ற ஐந்து அதிகாரிகளும் அவருக்குக் கீழே ‘எனக்கும்’ என்று எழுதிக் குழாய்களைக் கொடுத்தனுப்பினார்கள். ‘இது நானே கொடுத்த எச்சில், பொய்யானால் பதவி நீக்கத்துக்கும் ஓய்வூதிய இழப்புக்கும் சம்மதிக்கிறேன்’ என்ற உறுதிமொழியிலும் ஏழு பேரும் கையெழுத்து வைத்தார்கள். வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கிற பழக்கம் அந்த மாடியில் ஒருவருக்கும் இல்லை.

“எட்டும் நான்தானா மிஸ்?” என்றார் வின்சன்ட்.

“ஃபைல்ல அப்படித்தான் இருக்கு.”

“ஒரே நேரத்துல வராதே.”

இரண்டு நாள் பிடித்தது. இரண்டாம் நாள் வாயூறட்டும் என்று உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அம்பரெல்லங்காய் வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு குழாயிலும் பெயரை ஒட்டியது என் கை. கடைசிக் குழாயில் வின்சன்ட் தன் பெயருக்குத் துப்பினார்.

முடிவு வந்தபோது அதிகாரிகள் ஏழு பேருக்கும் முதலாம் தரம். சான்றிதழ் வழங்க விழா எடுத்தோம். பணிப்பாளருடையதில் ‘தலைமைத்துவம் மிகுதி, பொறுப்புகளுக்கு மிக உகந்தவர்’ என்றிருந்தது. அவர் பேசினார். “இதில என் கெட்டித்தனம் ஒன்றுமில்ல. இது என் தகப்பன், பாட்டன் தந்தது. நான் ஒன்றும் செய்யேல்ல, சும்மா இருந்தேன். சும்மா இருந்தாலும் தரம் தரம்தான். சில பேர் விடியவிடிய உழைச்சாலும் எச்சில்ல இல்லாதது வராது. கம்பியூட்டர் ஒருநாளும் பிழை விடாது.” மைக் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற வின்சன்ட் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

வின்சன்டின் சீட்டில் எழுதியிருந்தது: ‘நாலாம் தரம். பாரம் தூக்க உகந்தவர். பொறுப்புகளுக்கு உகந்தவரல்ல.’

நியமனம் கேட்டுப் போனார். “உன் இரத்தத்தில இல்லாதத நான் எப்படித் தாறது?” என்று கேட்டுவிட்டு, பணிப்பாளர் பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார்.

வின்சன்ட் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார். “ஏழுக்கும் நல்லாத்தான் வந்திருக்கு மிஸ். எனக்குத் துப்பினதுல மட்டும் என்ன குறை? கடைசியாத் துப்பினதாலயா?” கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எனக்குப் பதினாறு வருடத்து ஆத்திரமும் அன்று சேர்ந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மேசைக்குப் போய்ச் சுற்றுநிருபத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். மிளகுப் படிவத்திலிருந்து வெட்ட மறந்த பந்தி ஒன்று கிடைத்தது. தரத்தில் திருப்தியில்லாத வியாபாரி தன் மாதிரியை முதலாம் தர மாதிரியோடு ஒப்பிட்டுக் காட்டும்படி கேட்கலாம். வின்சன்டின் பெயரில் கடிதம் அடித்தேன். ‘என் எச்சிலை மேன்மைதங்கிய பணிப்பாளரினதும் ஏனைய ஆறு முதலாம் தர உத்தியோகத்தர்களினதும் எச்சிலோடு ஒப்பிட்டு, நான் எதில் குறைந்தவன் என்று தயவாய் அறியத்தரவும்.’ நல்லெண்ணத்தில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வோர் எழுத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். பணிப்பாளருக்குக் கடிதம் பிடித்துக்கொண்டது. ‘சிபாரிசு செய்கிறேன். வித்தியாசத்தைப் பார்த்தாவது இவனுக்குப் புத்தி வரட்டும்’ என்று தன் கையால் எழுதி அனுப்பினார்.

மூன்று வாரத்தில் பதில். ‘எட்டு மாதிரிகளுக்கும் இடையில் எவ்வித வித்தியாசமும் இல்லை. எட்டும் ஒரே ஆணுடையவை. மாத்தளைக் காரியாலயத்தில் எட்டுப் பதவிகளை வகித்து எட்டுச் சம்பளம் பெறும் இந்த நபர் யார் என அறியத்தரவும். ஒக்டோபர் பதினாறாம் திகதி விசாரணை.’ மபாஸா மேடத்துக்குத் தனியாக ஒரு கடிதம்: ‘ஆண் உத்தியோகத்தராகிய தாங்கள் இரு தடவை பிரசவ விடுமுறை பெற்றது எவ்வாறு என விளக்கவும்.’

மேலே கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடந்தது. உண்மையைச் சொன்னால் உறுதிமொழி பொய், பதவியும் ஓய்வூதியமும் போகும். பணிப்பாளர் ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருந்தது. மாத்தளை நீதிமன்றத்தடியிலிருந்து வந்த சட்டத்தரணி, வித்தியாசமில்லாத இரத்தம் இரட்டைப் பிள்ளைகளுக்கு உண்டு என்றார். இரண்டு பிள்ளைக்கு உண்டானால் எட்டுக்கும் உண்டு. ஆகவே சத்தியக் கடதாசி தயாரானது. இரத்தோட்டைத் தோட்டத்தில் மார்ஜரி என்ற கொழுந்து பறிக்கும் பெண், ஏழாம் இலக்க லயத்தில் ஒரே பிரசவத்தில் எட்டுப் பிள்ளைகள் பெற்றாள். வறுமையால் ஏழு பிள்ளைகளைத் தானம் கொடுத்தாள். எட்டாவது வின்சன்ட்.

நான்தான் தட்டச்சு செய்தேன். “வயசு இடிக்குதே?” என்று கேட்டேன். தோட்டத்துப் பிறப்புகள் பிந்திப் பதியப்படுவது வழமை என்றார் சட்டத்தரணி. “பணிப்பாளர் சேர் வின்சன்டை விட பதினாலு வயசு மூப்பு. அவர்ட பிறப்பு பிறக்க முதலே பதிஞ்சிருக்கே?” அது அவருடைய குடும்பத்தின் சுறுசுறுப்பைக் காட்டுகிறது என்று எழுதச் சொன்னார். மபாஸா மேடம் சகோதரி என்று போடச் சொல்லி அழுதார். கம்பியூட்டர் பிழை விடாது என்பதால் சகோதரன் என்றே போட்டோம். ஏழு பேரும் சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்தார்கள். வழக்கம்போல, தங்கள் சுற்றுநிருபத்தை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

விசாரணை நாள் காலையில் பணிப்பாளர் கீழே வந்தார். “வின்சன்ட், இப்படி முன்படியால வாங்க,” என்றார். பதினாலு வருடத்தில் முதல் ‘ங்க’ அதுதான். சுற்றுநிருபப்படி முதலாம் தர அதிகாரி ஒருவர் தன் பொறுப்பில் ஒரே ஓர் ஆளுக்குத் தர விலக்களித்து நியமனம் கொடுக்கலாம். அந்தச் சலுகையைத் தன் மைத்துனருக்காக இவ்வளவு நாளும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இப்போது வின்சன்டுக்குக் கொடுக்கத் தயார். “உள்ள கேட்டா ஒரு சொல்லுத்தான் சொல்லணும். ஆமா, கூடப்பிறந்தவங்கன்னு.”

“முதல்ல கையெழுத்து வைங்க சேர்,” என்றார் வின்சன்ட்.

வைத்தார். நான் முத்திரை குத்தி, காலை ஒன்பது ஐம்பது என்று நேரமும் எழுதி, பதிவேட்டில் ஏற்றினேன்.

சத்தியக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று வின்சன்டுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் வாசித்துக் காட்டினேன். தானம் கொடுத்தாள் என்ற இடத்தில் அவர் முகம் கறுத்துப்போனது.

“எங்க அம்மா கொடுத்தாங்களாமா? நான் ஒத்தப் புள்ள மிஸ். காய்ச்சலோட கொழுந்துக் கூடையில என்னத் தூக்கிட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இறங்கி நடந்தவங்க அவங்க. செத்தவங்க வந்து இல்லன்னு சொல்ல மாட்டாங்கன்னுதானே?”

இவர் உள்ளே போய் இல்லை என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதையே விரும்பினேன். பொய் உறுதிமொழிக்கு ஏழு பேரும் வீட்டுக்குப் போவார்கள். அவர் சுற்றுநிருபத்தை என் பக்கம் தள்ளினார்.

“அந்தப் பதினோராம் பந்திய வாசிங்க மிஸ்.”

வாசித்தேன்.

“இன்னொருக்கா.”

இன்னொருக்கா வாசித்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்தார்.

கொழும்பிலிருந்து வந்த விசாரணை அதிகாரியின் பெயர் ஸக்கரியா. குறிப்பெடுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே எச்சிலுக்கு ஒன்றாம் தரமும் நாலாம் தரமும் வந்தது எப்படி என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல, முதலில் அவரே விளக்கம் சொன்னார். “எச்சில மட்டும் பார்த்துத் தரம் போட்டா பெரிய அநியாயம் நடந்திடும். எச்சில் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கு. அதனாலதான் ஆய்வுகூடம் விலாசத்தையும் பார்க்குது. முதல்ல விலாசம், நேரமிருந்தா எச்சில்.”

ஏழு அதிகாரிகளும் தலையாட்டினார்கள். சத்தியக் கடதாசி வாசிக்கப்பட்டது. ஸக்கரியா வின்சன்டைப் பார்த்தார். “இவங்க உங்க கூடப்பிறந்தவங்களா?”

“ஆமாங்க,” என்றார் வின்சன்ட்.

“நிச்சயமா?”

“நிச்சயமாங்க. ஏழாம் இலக்க லயம், கடைசிக் காம்பரா. எட்டுப் பேரும் ஒரே படங்குச் சாக்குலதான் கெடந்தோம்.”

பணிப்பாளர் மூச்சு விட்டார். மபாஸா மேடம் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார். ஸக்கரியா வேலையில் நேர்மையான மனிதர், அதாவது சுற்றுநிருபம் எங்கே கொண்டுபோனாலும் பின்னால் போகிறவர். பக்கங்களைப் புரட்டிப் பதினோராம் பந்தியில் நிறுத்தினார். சத்தமாக வாசித்தார்.

“அது மற்றவங்களுக்கு எழுதினது,” என்றார் பணிப்பாளர்.

“‘அத்தனை பேருக்கும்’ என்று இருக்கே. யார் எழுதினது?”

பணிப்பாளர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். நான் குறிப்பில் எழுதினேன்: பணிப்பாளர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

ஏழு பேரும் அந்த நேரத்திலிருந்து நாலாம் தரம். நாலாம் தரம் நிரந்தரப் பதவி வகிக்க முடியாது, ஆகவே அமைய ஊழியர்கள். அமைய ஊழியர்களில் நாற்பத்தைந்து கடந்தவர்களுக்கு அன்றோடு வேலை முடிந்தது. கடந்தவர்கள் நாலு பேர், பணிப்பாளர் அதில் முதலாவது. மபாஸா மேடத்துக்கு நாற்பத்தொன்று என்பதால் தேநீர்ப் பக்கம் கொடுக்கலாம் என்றார் ஸக்கரியா. பணிப்பாளர் கடைசியாக ஒன்று பிடித்தார்: வின்சன்டும் நாலாம் தரம்தானே, அவருடைய நியமனக் கடிதமும் செல்லாதே.

ஸக்கரியா கடிதத்தை வாங்கி என் முத்திரையைப் பார்த்தார். “ஒன்பது ஐம்பதுக்கு நீங்க முதலாம் தரம். விலக்களிக்க அதிகாரம் இருந்திருக்கு. இது செல்லும்.”

“அப்ப எனக்கும் ஒரு விலக்கு...”

“விலக்களிக்கிறவர் முதலாம் தரமா இருக்கணும். இங்க இப்ப அப்படி ஒருத்தரும் இல்லையே.”

“வின்சன்ட்,” என்றார் பணிப்பாளர். “உண்மையச் சொல்லுங்க. நாங்க உங்க கூடப்பிறந்தவங்க இல்லன்னு சொல்லுங்க.”

“சத்தியக் கடதாசில கையெழுத்து வச்சிருக்கீங்களே,” என்றார் வின்சன்ட். “பொய்ச் சத்தியம் செஞ்சா ஜெயிலுன்னு சட்டத்தரணி ஐயா சொன்னாரு.”

பதினொன்று இருபதுக்கு விசாரணை முடிந்தது. பணிப்பாளர் குடையை மறந்துவிட்டு இறங்கியிருந்தார். திரும்ப மேலே போக முன்படியில் கால் வைத்தபோது, காவலாளி பலகையைக் காட்டினார். அவர் கட்டடத்தைச் சுற்றிப்போய் இரும்புப் படியால் ஏறினார். மேலே நின்று அதைக் கடைசிப் படிவரை பார்த்தேன். மனசுக்கு மிக நன்றாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

வின்சன்ட் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நியமனக் கடிதத்தை நனையாமல் பல்லில் கடித்திருந்தார்.

“எல்லாம் சரி வின்சன்ட்,” என்றேன். “அம்மாவ நினைச்சா ஒரு மாதிரி இல்லையா?”

கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“கஷ்டமாத்தான் இருக்கு மிஸ்,” என்றார். “எட்டுப் புள்ள பெத்திருக்காங்க. உருப்பட்டது நான் ஒருத்தன்தான்.”